ஜிங்க் பாஸ்பேட்: நேரம் பத்தவில்லை என்று பவுடரில் கை வைக்காதீர்கள்

பல்லின் மேல் ஒட்டியிருந்து கழன்ற கேப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்கள் உண்டு. டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு வருவார்கள், சிலர் கர்ச்சீப் முனையில் முடிந்துகொண்டு வருவார்கள். பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அந்தக் கேப்பின் உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். உள்ளே பழைய சிமெண்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கும். எக்ஸ்ப்ளோரர் என்கிற கூரான கருவியின் முனையால் அதைச் சுரண்டினால், பவுடரையும் லிக்விடையும் கலந்து ஒழுங்காகக் குழைத்த ஜிங்க் பாஸ்பேட் சிமெண்ட் சில்லுச் சில்லாகத்தான் பெயரும், அதுவும் கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டு. இளக்கமாகக் குழைத்தது பொடிப்பொடியாக உதிரும். பல தடவை அது வாயிலேயே கரைந்துபோய், ஓரமெல்லாம் காலியாகத்தான் வந்து சேர்கிறது.

கேப் கழல்வதற்கு சிமெண்ட் மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. பல்லைச் சீவும்போது பக்கச் சுவர்களை அளவுக்கு மேல் சாய்த்துவிட்டால் எதைப் போட்டும் பிடிக்காது. ஜிங்க் பாஸ்பேட் பல்லோடு ரசாயனமாக ஒட்டுகிற சரக்கு இல்லை. பல்லின் சொரசொரப்பிலும் கேப்பின் உள் சொரசொரப்பிலும் புகுந்து இறுகிப் பூட்டிக்கொள்வதுதான் அதன் பிடிப்பு. ஆனால் அப்படிப் பூட்டிக்கொண்டது உடையாமல், கரையாமல் இருக்க வேண்டுமே. அதற்குத்தான் குழைக்கிற கை முக்கியம். இந்தப் பதிவு அந்தக் கையைப் பற்றி மட்டும்.

பல கிளினிக்குகளில் காதில் விழுகிற ஒரு வாக்கியம் இருக்கிறது. "நேரம் பத்தலைம்மா, கொஞ்சம் இளக்கமா போடு." வெயில் காலம், கை நிறைய வேலை, மூன்று பல் சேர்ந்த பிரிட்ஜ், சிமெண்ட் குழைக்கிற பலகையான ஸ்லாப்பிலேயே இறுக ஆரம்பித்துவிடுகிறது. உடனே பவுடரைக் குறைத்து லிக்விடைக் கூட்டச் சொல்கிறார்கள். நேரம் கிடைக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்காக சிமெண்டின் பலம், கரையாமல் நிற்கும் தன்மை, பல்லுக்குள் நரம்பு இருக்கிற உயிருள்ள பகுதியின் பாதுகாப்பு மூன்றையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம். நேரத்தை நீட்டக் குளிர்ச்சி இருக்கிறது, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிற முறை இருக்கிறது. இரண்டும் பலத்தைக் குறைப்பதில்லை, கூட்டவும் செய்யும். அப்படியிருக்க எதற்காகப் பவுடரில் கை வைக்க வேண்டும்?

இது ஏன் என்று புரிய உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பவுடரில் பத்துக்கு ஒன்பது பங்கு ஜிங்க் ஆக்சைடு, மீதியில் பெரும்பகுதி மெக்னீசியம் ஆக்சைடு. லிக்விட் என்பது பாஸ்பாரிக் அமிலம், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், கூடவே கொஞ்சம் அலுமினியமும் ஜிங்க்கும் கரைந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததும் அமிலம் ஒவ்வொரு பவுடர் துகளின் மேல்தோலையும் கரைக்கிறது, சூடு கிளம்புகிறது, கரைந்தது கெட்டியாகித் துகள்களைச் சுற்றி ஒரு பிணைப்பாக இறுகுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, துகள் முழுசாகக் கரைவதில்லை என்பது. நடுவில் இருக்கிற ஜிங்க் ஆக்சைடு அப்படியேதான் இருக்கும். இறுகிய சிமெண்டின் பலம் பெரும்பாலும் அந்தக் கரையாத நடுப்பகுதிகளில் இருக்கிறது, அவற்றைப் பிணைக்கிற பாஸ்பேட் பகுதிதான் இரண்டில் பலவீனமானது. பவுடர் கூடினால் பலமான பகுதி கூடுகிறது, பிணைப்பு மெல்லிசாகிறது. லிக்விட் கூடினால் நேர் எதிர். பாடப் புத்தகத்தில் அரை மில்லி லிக்விடுக்கு 1.4 கிராம் பவுடர் என்று ஓர் அளவு போட்டிருப்பதற்கு இதுதான் அர்த்தம்.

சரியாகக் குழைத்தால் 24 மணி நேரத்தில் 100 மெகாபாஸ்கலை ஒட்டிய அமுக்க வலிமை கிடைக்கும். சர்வதேசத் தரம் கேட்பது குறைந்தது 50. முதல் ஒரு மணி நேரத்திலேயே முக்கால் பங்கு பலம் வந்துவிடும் என்பது இந்தப் பழைய சிமெண்டின் பெரிய குணம். இழுவையில் மட்டும் ஏழை, ஐந்தரை மெகாபாஸ்கல் அளவில்தான் நிற்கும். அதனால்தான் ஒட்டும் மிட்டாயைக் கடித்து இழுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறோம்.

அப்புறம் அமிலத்தன்மை. குழைக்க ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் இதன் பிஹெச் 2-ஐ ஒட்டி இருக்கும். ஒரு நாள் கழித்துதான் ஐந்தரைக்கு ஏறும், இரண்டு நாளில் நடுநிலைக்குப் பக்கத்தில் வரும். இளக்கமாகக் குழைத்தால் தொடக்கமும் இன்னும் புளிப்பாக இருக்கும், ஏறுவதற்கும் கூடுதல் நேரம் எடுக்கும். உயிருள்ள பல்லில் ஒட்டியிருந்தால் அந்த ராத்திரி நோயாளி போன் பண்ணிக் கூசுது, தெறிக்குது என்பார். ஆழமான இடங்களில் பல்லைக் காக்கிற வார்னிஷ் பூச்சைத் தடவாமல் ஒட்டவே கூடாது என்பது என் கட்சி.

சரி, நேரத்துக்கு வருவோம். சாதாரண ஜிங்க் ஆக்சைடையும் வெறும் பாஸ்பாரிக் அமிலத்தையும் கலந்தால் கையாளவே முடியாது, சூட்டோடு சட்டென்று இறுகிவிடும். தயாரிக்கிறவர்கள் அதை இரண்டு பக்கமும் அடக்கி வைத்திருக்கிறார்கள். பவுடரை 1000 டிகிரிக்கு மேல் சுட்டு, பிறகு அரைக்கிறார்கள். சுட்ட பவுடருக்கு அமிலத்தோடு சேரும் வேகம் குறைவு. அமிலத்தில் முன்கூட்டியே ஜிங்க்கையும் அலுமினியத்தையும் கரைத்து அதன் வேகத்தையும் தணித்திருக்கிறார்கள். அலுமினியம் இல்லாவிட்டால் பிணைப்பும் சரியாக அமையாது. இந்த இரண்டும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. நம் கையில் இருப்பது ஸ்லாப்பின் சூடு, பவுடரைச் சேர்க்கிற வேகம், பவுடர் அளவு, உள்ளே புகுகிற தண்ணீர். பவுடர் அளவைப் பூட்டிவிட்டு மற்ற மூன்றை வைத்து விளையாட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் ஸ்லாப். கனமான கண்ணாடி ஸ்லாப்புதான் வேண்டும். பேப்பர் பேட் இதற்கு ஆகாது, அது சூட்டை உறிஞ்சாது. ஸ்லாப் குளிர்ச்சியாக இருந்தால் ரசாயனம் மெதுவாக நடக்கும், அதே லிக்விடுக்குள் அதிகப் பவுடரைச் சேர்க்க அவகாசம் கிடைக்கும், வாய்க்குள் 37 டிகிரிக்குப் போனதும் வேகமாக இறுகும். வெளியே மெதுவாக, உள்ளே வேகமாக. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் கடற்கரை ஊரில் கிளினிக் வைத்திருக்கிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். புத்தகத்தில் ஸ்லாப் 18 முதல் 24 டிகிரி வரை இருக்கலாம், பனிநிலைக்குக் கீழே மட்டும் போகக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். காற்றில் இருக்கிற ஈரம் தண்ணீராகப் படிய ஆரம்பிக்கிற சூடுதான் பனிநிலை. படிக்கும்போது எல்லாரும் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்போம். ஏசி இல்லாத அறையில் 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி வரும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமான நாள் இல்லை. அதாவது, புத்தகம் சொல்கிற 18 முதல் 24 வரை எந்தச் சூட்டில் வைத்தாலும் அந்த அறையில் ஸ்லாப் வியர்க்கும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஸ்லாப்பின் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தண்ணீர்ப் படலத்தில்தான் நாம் சிமெண்டைக் குழைத்துக்கொண்டிருப்போம்.

தண்ணீர் புகுந்தால் என்ன? அமிலத்தின் வேகம் கூடும், சிமெண்ட் சீக்கிரம் இறுகும். பலமும் போகும், கரைவதும் கூடும். எந்த நேரத்துக்காகக் குளிர வைத்தோமோ அதில் ஒரு பங்கு திரும்பப் போய்விடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் துடைக்காமல் அப்படியே குழைக்கிறவர்கள், "ஸ்லாப் ஜில்லுனுதான் சார் இருந்தது, ஆனாலும் சீக்கிரம் இறுகிடுச்சு" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் செய்வது இது. குழைக்கிற மேசை ஏசி அறைக்குள்தான். அறை 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிநிலை 13-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும், 20 டிகிரி ஸ்லாப் வியர்க்காது. ஸ்லாப்பை ஜிப் பையில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வைப்போம். எடுத்ததும் பையைத் திறக்க மாட்டோம். பையோடு ஏசி அறை மேசையில் கிடக்கட்டும், ஈரம் பையின் வெளியேதான் படியும், உள்ளே ஸ்லாப் காய்ந்தபடியே இருக்கும். கடும் குளிர் விட்ட பிறகுதான் திறப்போம். ஒரு சின்ன தெர்மாமீட்டர்-ஹைக்ரோமீட்டர் சுவரில் மாட்டியிருக்கிறோம், பெரிய விலை இல்லை. எங்கள் அசிஸ்டெண்ட் பொண்ணு, "மேடம், ஸ்லாப் ரெடி" என்றால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாத்தியாம்மா?" சாய்த்துப் பிடித்தால் மங்கல் தெரியும். தெரிந்தால் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். துடைத்த கையோடு குழைப்பதில் பயனில்லை, ஸ்லாப் பனிநிலைக்குக் கீழே இருக்கும் வரை துடைக்கத் துடைக்க மறுபடியும் படிந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது பவுடரைச் சேர்க்கிற முறை. ஸ்லாப்பின் ஒரு பக்கம் பவுடரைக் கொட்டி, தட்டையாக்கி, ஸ்பேச்சுலா என்கிற தட்டையான குழைக்கும் கரண்டியின் விளிம்பால் பிரிக்க வேண்டும். முதல் இரண்டு பங்குகள் மிகச் சிறிசு, மொத்தத்தில் பதினாறில் ஒன்று. அடுத்தது எட்டில் ஒன்று. மீதி மூன்றும் கால் கால் பங்கு. லிக்விடைக் கடைசியாகத்தான் ஊற்ற வேண்டும், குழைக்கிற வினாடிக்கு முன்னால். முதலிலேயே சொட்டு விட்டுவிட்டு நோயாளிக்குப் பஞ்சு வைக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அதன் தண்ணீர் அளவு மாறியிருக்கும். முதல் சிறிய பங்கைச் சேர்த்ததும் அமிலத்தின் முதல் வேகம் அதிலேயே தணிந்துவிடும், கிளம்புகிற சூடும் கொஞ்சம்தான். பெரிய பங்கை முதலில் தள்ளினால் மொத்தச் சூடும் ஒரே நேரத்தில் கிளம்பி, அந்தச் சூடே அடுத்த ரசாயனத்தை விரட்டும். பங்குக்குப் பதினைந்து வினாடி போல, மொத்தம் ஒன்றரை நிமிடம். ஸ்பேச்சுலாவைப் படுக்க வைத்து, ஸ்லாப்பின் பாதிப் பரப்புக்கு மேல் பரப்பிப் பரப்பிக் குழைக்க வேண்டும். ஒரு மூலையில் வட்டம் போட்டுக் கிளறுகிறவர்கள் ஸ்லாப்பைக் குளிர வைத்ததன் பயனையே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அந்தப் பரப்புதான் சூட்டை உறிஞ்சுகிறது.

பதம் பார்ப்பது எப்படி என்று கேட்டால், பாகு காய்ச்சுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கம்பிப் பதம்தான். ஸ்பேச்சுலாவின் தட்டைப் பக்கத்தால் மெதுவாகத் தூக்கினால் சிமெண்ட் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இழையாக எழும்பி, அறுந்து, மறுபடி கீழே படிய வேண்டும். தூக்கியதுமே சொட்டினால் இன்னும் பவுடர் வாங்கும். இழை குட்டையாக அறுந்து முனை அப்படியே நின்றால் கேப் முழுசாக உட்காராது, படலம் தடித்துவிடும். தரம் அனுமதிப்பது 25 மைக்ரான்தான். அடைப்புக்குக் கீழே பேஸாக, அதாவது அடித்தளமாக வைக்க வேண்டுமானால் கதை வேறு, பவுடரைத் தொடர்ந்து சேர்த்து விரலில் ஒட்டாமல் உருட்டுகிற அளவுக்குக் கெட்டியாக்கலாம்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இறுக ஆரம்பித்த சிமெண்டை மறுபடி ஸ்பேச்சுலாவால் தேய்த்து இளக்குவது, அதிலும் ஒரு சொட்டு லிக்விட் விட்டு இளக்குவது. தயவு செய்து வேண்டாம். அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிற பிணைப்பை உடைக்கிறோம், அது மறுபடி அதே பலத்தோடு சேராது. வீணாகப் போகட்டும், துடைத்துவிட்டுப் புதிதாகக் குழையுங்கள். ஒரு கலவையின் விலை என்ன, கேப் மறுபடி கழன்று அந்த மனுஷர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் பிடித்து வருகிற செலவு என்ன?

லிக்விட் பாட்டில் இன்னொரு விஷயம். மூடியைத் திறந்தபடி வைக்கிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. ஏசியின் காய்ந்த காற்றில் அது தண்ணீரை இழக்கலாம், இழந்தால் இறுகத் தாமதமாகும். புழுக்கமான அறையில் தண்ணீரை வாங்கலாம், வாங்கினால் வேகமாக இறுகும். ஒரே பாட்டில், ஒரே ஸ்லாப், ஒரே கை, ஆனால் இறுகும் நேரம் மட்டும் வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்றால் முதலில் பாட்டில் மூடியைப் பாருங்கள். கலங்கலாகத் தெரிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். கடைசி ஐந்தில் ஒரு பங்கையும் பயன்படுத்தாமல் விடச் சொல்வார்கள். பவுடருக்குத் தேவையானதைவிட அதிகமாகத்தான் லிக்விட் நிரப்பி வருகிறது, எனவே அதில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

குழைத்தாகிவிட்டது. முதலில் கேப்பின் உள்ளே மெல்லிசாகத் தடவ வேண்டும், அப்புறம்தான் தேவையானால் பல்லில், ஏனென்றால் பல்லின் சூட்டில் சிமெண்ட் சீக்கிரம் இறுக ஆரம்பித்துவிடும். உட்கார வைத்து அழுத்தி, இறுகும் வரை பஞ்சு மாற்றி மாற்றி எச்சில் படாமல் காக்க வேண்டும். இறுகாத சிமெண்டில் எச்சில் பட்டால் அமிலம் அதில் கரைந்து வெளியேறிவிடும், ஓரம் மங்கலாகி நாளைக்குக் கரைகிற இடமாகிவிடும். பிதுங்கி வந்ததை இளசாக இருக்கும்போது வழிக்க அவசரப்பட வேண்டாம், நன்றாக இறுகிய பிறகு அதுவே சில்லாகப் பெயர்ந்து வரும்.

உறைந்த ஸ்லாப் முறை என்று ஒன்று இருக்கிறது. பற்களுக்குக் கம்பி கட்டுகிறவர்கள் பல்லைச் சுற்றி மாட்டுகிற வளையங்களான பேண்டுகள் பலவற்றை ஒரே கலவையில் ஒட்டுவதற்காகப் பயன்படுத்தியது. ஸ்லாப்பை ஃபிரிட்ஜிலிருந்தோ ஃபிரீசரிலிருந்தோ எடுத்து, ஈரம் படிந்தாலும் கவலைப்படாமல், பவுடரை வழக்கத்தைவிட 50 முதல் 75 சதவீதம் அதிகமாகச் சேர்த்துக் குழைப்பார்கள். அந்தக் கடும் குளிரால் வேலை செய்ய நிறைய நேரம் கிடைக்கும், வாயில் வைத்ததும் வழக்கத்தைவிட வேகமாக இறுகும். ஆனால் இவ்வளவு பவுடர் சேர்த்தும் பலம் சாதாரணக் கலவையைவிடக் குறிப்பிடும்படி கூடுவதில்லை. படிந்த ஈரம் அந்தக் கூடுதல் பவுடரின் பலனைத் தின்றுவிடுகிறது. பவுடரும் தண்ணீரும் பலத்தை எப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. பேண்டுக்குச் சரி, கேப்புக்கு நான் இதைச் செய்ய மாட்டேன்.

பாஸ்பேட் சிமெண்ட் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களையும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் அங்கேயும் இதே இழுபறிதான். ரன்வேயும் ரோடும் அவசரமாகச் சரிசெய்யப் பயன்படுகிற மெக்னீசியம் பாஸ்பேட் சிமெண்ட் இருக்கிறது. மெக்னீசியாவை, அதாவது மெக்னீசியம் ஆக்சைடை, 1500 டிகிரி அளவில் சுட்டு மந்தப்படுத்தி, அம்மோனியம் அல்லது பொட்டாசியம் பாஸ்பேட் உப்போடு கலந்து தண்ணீர் விட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும், சில மணி நேரத்தில் மேலே வண்டி ஓட்டலாம். அதற்கும் நேரத்தை நீட்ட வெங்காரம் சேர்க்கிறார்கள். நாம் ஜிங்க் ஆக்சைடைச் சுடுவதும் அவர்கள் மெக்னீசியாவைச் சுடுவதும் ஒரே யோசனை. அங்கேயும் வேலையாள் கலவை கெட்டியாக இருக்கிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் பலம் சரிகிறது. வெங்காரத்தை அளவு மீறிப் போட்டால் முதல் சில மணி நேரத்துப் பலம் அடிபடுகிறது, அவசர ரிப்பேருக்குத் தேவையே அந்தப் பலம்தான். எலும்பு ஓட்டைகளை நிரப்புகிற கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் மட்டும் தலைகீழ். 1980-களில் அமெரிக்காவில் பல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிரவுன், சௌ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது அது, வெறும் தண்ணீரில் குழைத்தால் அரை மணி நேரம் போல ஆகும். அங்கே சோடியம் பாஸ்பேட் கரைசலைச் சேர்த்து வேகப்படுத்த வேண்டியிருந்தது.

கிளாஸ் அயனோமர், ரெசின் சிமெண்ட் என்ற புதிய பல் சிமெண்ட்கள் வந்த பிறகும் ஜிங்க் பாஸ்பேட் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: அவை பல்லோடு ஒட்டுகின்றன, நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நூறாண்டுக்கும் மேல் வாயில் நின்று காட்டிய சிமெண்ட் இது. விலை குறைவு, மெட்டல் கேப்புக்கும் பல் வேருக்குள் இறக்குகிற வார்த்த போஸ்ட்டுக்கும் இன்றும் போதுமானது, தேவைப்பட்டால் கழற்றுவதும் எளிது. காசு குறைவாக இருக்கிற நோயாளிக்குத் தயங்காமல் போடுகிறேன். அவருக்குப் போடுகிறதைத்தான் நான் இன்னும் கவனமாகக் குழைக்கச் சொல்வேன்.

கல்லூரியில் படிக்கிறவர்கள் ஒரு மதிய நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கலவை. ஒன்று காய்ந்த குளிர் ஸ்லாப்பில் முழுப் பவுடரோடு, ஒன்று வெதுவெதுப்பான ஸ்லாப்பில் பவுடரைக் குறைத்து, ஒன்று ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வியர்த்த ஸ்லாப்பில் துடைக்காமல். மூன்றும் எப்போது நகம் பதியாமல் இறுகுகிறது என்று குறித்துவையுங்கள், ஒரே அளவுக் குழாயில் வார்த்து ஒரு நாள் தண்ணீரில் போட்டுவையுங்கள். மறுநாள் மூன்றையும் எக்ஸ்ப்ளோரரால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கருவி இருந்தால் அமுக்கி உடைத்தும் பார்த்துவிட்டு, கிடைத்ததைக் கீழே எழுதுங்கள். ஊரையும் அன்றைய ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.